தொடுவதற்கு முந்தைய நொடி

கேள்வி: மாவட்டத் தலைநகரில் உள்ள 60 படுக்கைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 8 மாதத்துக்கு முன் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கை சுத்தம் பற்றி எல்லா ஷிஃப்டுக்கும் வகுப்பு எடுத்தேன், வார்டு முழுக்க போஸ்டர் ஒட்டினோம். மாதா மாதம் நானே படிவத்தோடு போய் ஆடிட் எடுக்கிறேன். 90 சதவீதத்துக்குக் கீழே வந்ததே இல்லை. ஆனாலும் எங்கள் 8 படுக்கை ஐசியுவில் இரண்டு மாதத்துக்குள் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் குழாய்) போட்ட மூன்று பேருக்கு ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) க்ளெப்சியெல்லா என்ற கிருமி வந்துவிட்டது. ஒருவர் இறந்துவிட்டார். ஐசியுவுக்கு வாஷ் பேசின் ஒன்றுதான், அதுவும் வாசலில் இருக்கிறது. கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட்ரப் மாதம் 6 அரை லிட்டர் பாட்டில் வருகிறது, அதற்கே செலவு அதிகம் என்கிறார்கள். கை எரிகிறது என்று பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை. சீனியர் சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தால் ஒரே கையோடு எட்டுப் பேரையும் பார்த்துவிட்டுப் போகிறார். ஒரு ஜூனியர் சிஸ்டர் பாட்டிலை நீட்டியதற்கு, "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினாள். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

இறந்துபோனவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மொத்தக் கடிதத்தையும் எழுத வைத்தது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. மைக்ரோபயாலஜி லேபிலும் தொற்றுக் கட்டுப்பாட்டு வேலையிலும் 20 வருடத்துக்கு மேல் கழித்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வகுப்பு எடுத்தது குறைவு, போஸ்டர் ஒட்டியது குறைவு என்பதால் இது நடக்கவில்லை. கை சுத்தம் எதற்கு என்று தெரியாத நர்ஸை நான் இதுவரை பார்த்ததில்லை. தெரிந்திருந்தும், வேண்டிய நொடியில் கை பாட்டிலுக்குப் போவதில்லை. வகுப்பு எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

ஆடிட், சர்ஜன் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் இந்த வாரமே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று பேரின் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த மருந்துக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்ற பட்டியல் மூன்றிலும் ஒன்றுபோல் இருந்தால், கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கலாம், அல்லது மூவருக்கும் பொதுவான ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். யார் எந்தப் படுக்கையில், எந்தத் தேதியில் இருந்தார்கள், லைன் யார் போட்டது, எங்கே வைத்துப் போட்டது என்று ஒரே தாளில் எழுதுங்கள்.

அப்புறம், ஊசி மருந்து கலக்கும் டிராலிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நார்மல் சலைன் பாட்டிலில் ஊசியைக் குத்தி அப்படியே விட்டு, அதிலிருந்தே எல்லோருக்கும் ஃப்ளஷ் (லைனைக் கழுவிவிடச் செலுத்தும் சலைன்) எடுக்கும் பழக்கம் உண்டா? நம் ஊரில் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஊசி வழியாக ஒரு தடவை கிருமி உள்ளே போனால் போதும், அந்தப் பாட்டிலிலிருந்து ஃப்ளஷ் வாங்கும் ஒவ்வொருவரின் ரத்தத்துக்கும் அது நேராகப் போகும். க்ளெப்சியெல்லாவுக்கு ஈரம் பிடிக்கும். இந்தப் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஃப்ளஷுக்கு 10 மி.லி. ஆம்பூல், ஒரு நோயாளிக்கு ஒன்று, மிச்சம் இருந்தால் குப்பைக்கு. மருந்து கலக்கும் இடம் வாஷ் பேசின் பக்கத்தில் இருந்தால் அதையும் தள்ளிப் போடுங்கள். பேசினிலிருந்து தெறிக்கும் தண்ணீரில் கிருமி இருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் கையை மட்டும் குற்றம் சொன்னால் நாளைக்கு நாலாவது நோயாளியும் வரலாம்.

சரி, இப்போது கைக்கு வருவோம்.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதிய அந்த "6 பாட்டில்" என்ற வார்த்தைதான் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அரை லிட்டர் பாட்டில் என்றால் 3 லிட்டர். ஒரு தடவை இரண்டு கையும் முழுக்க நனைய ஏறக்குறைய 3 மி.லி. வேண்டும். அப்படியானால் மாதத்துக்கு 1,000 தடவை. ஒரு நாளைக்கு 33. எட்டுப் படுக்கைக்குப் பிரித்தால் ஒரு நோயாளிக்கு 24 மணி நேரத்தில் நாலு தடவை. மூன்று ஷிஃப்ட் நர்ஸ், டியூட்டி டாக்டர், சர்ஜன், பிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே டெக்னீஷியன், ரத்தம் எடுக்க வருகிறவர், ஆயா எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த நாலு. வாசல் பேசினில் சோப்பு போட்டுக் கழுவியதை இதோடு சேர்த்தாலும் 90 சதவீதம் வராது. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு மணி நேரத்திலேயே நாலு தடவைக்கு மேல் கையைச் சுத்தம் செய்ய வேண்டி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவத்தில், ஆயிரம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒரு நோயாளி நாள்) குறைந்தது 20 லிட்டர் ஹேண்ட்ரப் செலவாகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. இது சாதாரண வார்டையும் சேர்த்து மொத்த மருத்துவமனைக்கான அளவு. உங்கள் எட்டுப் படுக்கையும் நிரம்பியிருந்தால் மாதம் 240 நோயாளி நாள். அந்தக் குறைந்தபட்சத்தைத் தொடவே கிட்டத்தட்ட 10 பாட்டில் வேண்டும். ஐசியுவுக்கு அதைப்போல் பல மடங்கு செலவாக வேண்டும். நிர்வாகத்திடம் பேசும்போது இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சென்ட்ரல் லைனில் தொற்று வந்த ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கின் ஒரு நாள் பில்லையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் ஆடிட்டில் 90 வந்தது நீங்கள் பொய் எழுதியதால் இல்லை. படிவத்தோடு நீங்கள் உள்ளே வந்ததும் எல்லோர் கையும் பாட்டிலுக்குப் போகிறது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் மனிதர்கள் சரியாகத்தான் நடந்துகொள்வார்கள், எல்லா நாட்டிலும் அப்படித்தான். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பித்தே என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1994இல் கணக்கெடுத்தபோது, கையைச் சுத்தம் செய்ய வேண்டிய நூறு சந்தர்ப்பங்களில் 48இல்தான் செய்தார்கள். மூன்று வருடம் உழைத்த பிறகு 1997இல் அது 66 ஆனது. மருத்துவமனையில் வந்து தொற்றிய நோய் இருந்தவர்களின் விகிதம் 1994இல் நூற்றுக்கு 16.9ஆக இருந்தது, 1998இல் 9.9க்கு இறங்கியது. உலகமே பாடமாகப் படிக்கும் இடம் அது. அவர்கள் எட்டியதே 66தான். உங்கள் 90ஐ நான் நம்பத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே சமயம் உங்களுக்கு நம்பிக்கை வர வேண்டியதும் இதனால்தான். 66க்கே அத்தனை தொற்று குறைந்தது.

அவர்கள் செய்ததில் முக்கியமானது, ஹேண்ட்ரப்பைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கொடுத்ததும்தான். சோப்பும் தண்ணீரும் என்றால் ஒரு தடவைக்கு 40 முதல் 60 நொடி, அதோடு பேசின் வரை போய்வரும் நடை. ஹேண்ட்ரப் என்றால் நின்ற இடத்திலேயே 20, 30 நொடி. வாசலில் ஒரே பேசினை வைத்துக்கொண்டு "அடிக்கடி கழுவுங்கள்" என்று நாம் சொன்னால், 6ஆம் படுக்கையில் நிற்கும் சிஸ்டர் ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை வாசலுக்கு ஓட முடியும்?

ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டுக் கம்பியிலும் ஒரு பாட்டில் தொங்க வேண்டும். தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். அதில் பயன் குறைவு, ஏனென்றால் பாட்டிலைத் தொடுவதற்குள் நோயாளியைத் தொட்டிருப்பீர்கள். வருகிறவர் நோயாளிக்கு முன்னால் பாட்டிலைச் சந்திக்க வேண்டும். மருந்து டிராலியில் ஒன்று, வென்டிலேட்டர் பக்கம் ஒன்று. காணாமல் போகும் என்று பயந்து இன்சார்ஜ் அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ந்த பாட்டிலை மாற்றுவது யார் வேலை என்று ஷிஃப்டுக்கு ஒருவர் பெயரைப் போடுங்கள். காலியாகத் தொங்கும் பாட்டிலை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தவர் மூன்றாம் தடவை அழுத்த மாட்டார்.

இவ்வளவும் செய்தாலும் இன்னொரு விஷயம் மிச்சமிருக்கும். இந்தப் பதிலிலேயே நான் முக்கியமாக நினைப்பது அதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐசியுவின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு சிஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலைக்காரர். ஆன்டிபயாட்டிக் நேரம். டிராலி அருகில் நின்று ஹேண்ட்ரப் எடுத்தார், கட்டைவிரல், விரல் நுனி உட்பட எல்லாப் படிகளையும் ஒழுங்காகச் செய்தார். மருந்தைக் கலந்தார். 4ஆம் படுக்கைக்குப் போனார். திரையை இழுத்தார். மானிட்டர் கத்தியது, பொத்தானை அழுத்தி நிறுத்தினார். நோயாளியின் போர்வை சரிந்திருந்தது, இழுத்துப் போர்த்திவிட்டார். பையில் போன் அடித்தது, எடுத்து கட் செய்தார். பிறகு சென்ட்ரல் லைனில் மருந்து செலுத்தும் த்ரீவே என்ற மூவழித் திருகின் மூடியைத் திறந்து மருந்தைச் செலுத்தினார். முடிந்ததும் பேசினுக்குப் போய் முழுதாக ஒரு நிமிடம் சோப்பு போட்டுக் கழுவினார்.

ஆடிட் படிவத்தில் அவருக்கு இரண்டு டிக். ஆனால் த்ரீவேயைத் திறந்த விரல்கள் திரை, மானிட்டர், போர்வை, போன் நான்கையும் தொட்டுவிட்டு வந்த விரல்கள். கடைசியாக அத்தனை கவனமாகக் கழுவியது அவருடைய பாதுகாப்புக்கு. நோயாளிக்கு வேண்டிய கழுவல் அந்த மூடியைத் திறப்பதற்கு முந்தைய நொடியில் வந்திருக்க வேண்டும்.

பல நாடுகளில் எடுத்த கணக்குகளிலும் இதே கதைதான். நோயாளியைத் தொட்ட பிறகு கையைச் சுத்தம் செய்கிறவர்கள் அதிகம், தொடுவதற்கு முன் செய்கிறவர்கள் குறைவு. இதில் யாரையும் கோபித்துப் பயனில்லை. வாந்தியைத் தொட்டால் கை தானாகவே தண்ணீரைத் தேடும், அதற்கு வகுப்பே வேண்டாம். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டு உள்ளே வருகிறோம், பஸ்ஸில் போய்வந்தால் கை கால் கழுவுகிறோம். சின்ன வயதிலிருந்து ஊறிய இந்தப் பழக்கம் எல்லாம் "பிறகு" செய்கிற பழக்கம். அருவருப்போ பிசுபிசுப்போ இருந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். நாடி பார்க்கும்போதும் போர்வையைச் சரிசெய்யும்போதும் கை சுத்தமாகத்தான் தெரிகிறது. அதனால் உள்ளேயிருந்து எந்தக் குரலும் எழுவதில்லை.

ஆனால் நம் வீடுகளில் "முன்" என்று ஒரு கழுவலும் உண்டு. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்து ஆசையாகக் கையை நீட்டினால், "கை காலைக் கழுவிட்டு வந்து தூக்கு" என்று பாட்டி சொல்வார். நம் கை அழுக்காக இருக்கிறது என்று யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. குழந்தை அவ்வளவு மென்மையானது என்று எல்லோருக்கும் புரிகிறது. சென்ட்ரல் லைன் போட்டுப் படுத்திருப்பவரும் அப்படித்தான். தோல் என்ற கதவு அவருக்குத் திறந்தே கிடக்கிறது. உங்கள் அடுத்த வகுப்பில், கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் என்று சொல்லித்தரும் பட்டியல் முழுவதையும் ஒப்பிக்க வைக்காதீர்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன், லைனையோ கதீட்டரையோ புண்ணையோ தொடுவதற்கு முன் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் இதையே பேசுங்கள். தொட்ட "பிறகு" செய்கிற மற்ற மூன்றும் ஏற்கனவே பாதியளவு கைவசம் இருக்கின்றன. மருந்து, ஸ்வாப், குப்பைத் தட்டு எல்லாவற்றையும் முதலில் படுக்கையருகே கொண்டுவந்து வைத்து, திரை இழுத்து, போர்வை விலக்கி, எல்லாத் தொடுதலும் முடிந்த பிறகு ஹேண்ட்ரப், உடனே த்ரீவே. இந்த வரிசையைப் படுக்கை ஓரத்திலேயே செய்து காட்டுங்கள். ஸ்பிரிட் ஸ்வாபால் மூடியை அழுத்தித் தேய்த்துக் காயவிட்டுத் திறப்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

க்ளவுஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன், யூரின் பேகைக் காலி செய்த அதே க்ளவுஸோடு வாயில் சக்‌ஷன் போடுவது உங்கள் ஐசியுவில் நடக்கிறதா? கொரோனா காலத்துக்குப் பிறகு இது அதிகமாகியிருக்கிறது. க்ளவுஸ் போட்டவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அவர் கை சுத்தம்தான், க்ளவுஸின் வெளிப்பக்கம்தான் இல்லை. போடும் முன் ஹேண்ட்ரப், கழற்றியதும் ஹேண்ட்ரப், ஒரு நோயாளிக்குள்ளேயே அழுக்கான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்குப் போகும்போது க்ளவுஸ் மாற்ற வேண்டும். க்ளவுஸ் மேல் ஹேண்ட்ரப் போட்டுத் தேய்ப்பது கணக்கில் வராது.

கை எரிகிறது என்று சொல்கிறவர்களை நம்புங்கள். பெரும்பாலும் எரிவதற்குக் காரணம் ஹேண்ட்ரப் கிடையாது, சோப்பு. கடுமையான சோப்பில் திரும்பத் திரும்பக் கழுவி, ஏற்கனவே வெடித்துப் போன தோலில் ஆல்கஹால் பட்டால் சுரீர் என்கிறது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் கையும் அதே கைதான். பலர் சோப்பு போட்டுக் கழுவி, உடனே அதன் மேல் ஹேண்ட்ரப்பும் போடுகிறார்கள். தோலுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. ரத்தமோ மலமோ கண்ணுக்குத் தெரிந்தால், கழிவறைக்குப் போய்வந்தால், க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் மாதிரி வித்துகள் உண்டாக்கும் கிருமியால் பேதி இருக்கும் நோயாளியைப் பார்த்தால் சோப்பும் தண்ணீரும். மற்ற நேரங்களில் ஹேண்ட்ரப் மட்டும் போதும். கிளிசரின் சேர்ந்த ஹேண்ட்ரப்பாக வாங்கச் சொல்லுங்கள், அது சோப்பைவிடத் தோலுக்கு நல்லது. ஈரக் கையில் க்ளவுஸ் போட வேண்டாம். டியூட்டி அறையில் ஒரு நல்ல லோஷன் பாட்டில் இருக்கட்டும், அதுவும் மருத்துவமனைச் செலவில். புதிய பிராண்ட் வாங்குவதற்கு முன் மூன்று நாள் நர்ஸுகள் கையில் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். எரிச்சல் தருவதையும் பிசுபிசுப்பதையும் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது பாட்டிலிலேயேதான் இருக்கும்.

இப்போது சர்ஜன். இதற்காகத்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ன செய்தார் என்று நர்சிங் படிப்பில் படித்திருப்பீர்கள். சவக்கிடங்கிலிருந்து வந்து பிரசவம் பார்த்த டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் 18க்கு மேல் இருந்த தாய்மார் மரணம் ஜூனில் இரண்டு, ஜூலையில் ஒன்று என்று இறங்கியது. பாடப் புத்தகம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1861, 1862இல் அவர் பெரிய பெரிய மகப்பேறு மருத்துவர்களின் பெயர் சொல்லிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார், கொலைகாரர்கள் என்றே எழுதினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் "உன் கையால் செத்தார்கள்" என்று கேட்ட யாரும் கை கழுவப் போகவில்லை. 1865இல் மனநல விடுதியில் அவர் இறந்தபோதும் அவர் சொன்னது பரவலாக ஏற்கப்படவில்லை.

உங்கள் சர்ஜனும் நோயாளி பிழைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் நிமிடக்கணக்கில் ஸ்க்ரப் செய்கிறவர் அவர். ரவுண்ட்ஸில் தன் கையும் ஒரு கருவி என்பது மட்டும் அவர் மனதில் வரவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரு ஜூனியர் நீட்டும் பாட்டில் அவருக்குக் குற்றச்சாட்டாகத் தெரிந்திருக்கிறது. அதனால் ஜூனியரை அனுப்பாதீர்கள். மருத்துவமனைத் தலைவரும் நர்சிங் சூப்பரின்டெண்டும் கூட இருக்க, ரவுண்ட்ஸ் இல்லாத நேரத்தில் அவர் அறையில் போய்ப் பாருங்கள். கையில் அந்த ஒரே தாள் மட்டும் இருக்கட்டும், மூன்று நோயாளி, மூன்று கல்ச்சர், தேதிகள். "சார், உங்க பேஷண்ட்டுக்கு நீங்க இவ்வளவு செஞ்சும் இங்க வந்து லைன்ல இன்ஃபெக்‌ஷன் வாங்குறாங்க. இதை நிறுத்த நீங்க எங்களுக்கு உதவணும். ரவுண்ட்ஸ்ல முதல்ல நீங்க கை நீட்டினா மத்தவங்க எல்லாரும் நீட்டுவாங்க" என்று கேளுங்கள். இது முகஸ்துதி கிடையாது. மூத்தவர் கையைச் சுத்தம் செய்தால் பின்னால் வரும் பத்துப் பேரும் செய்கிறார்கள், அவர் செய்யாவிட்டால் யாரும் செய்வதில்லை. எந்த ரவுண்ட்ஸிலும் இதைப் பார்க்கலாம்.

நான் பார்த்ததில் பலன் தந்த ஒரு வழியைச் சொல்கிறேன். ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட் எடுத்துக்கொண்டு ஒருவர் வருகிறார் அல்லவா, அதுபோல் பாட்டிலோடு ஒருவர் நடக்கட்டும். ஒவ்வொரு படுக்கைக்கும் முன்னால் நின்று, பெரிய டாக்டர் தொடங்கி மாணவர் வரை ஒவ்வொரு கையிலும் இரண்டு அழுத்து. ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. விருந்தாளிக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது போலத்தான். முதல் வாரம் சிலர் முகம் சுளிப்பார்கள். ஓரிரு மாதத்தில் அடுத்த படுக்கைக்குத் திரும்பும்போதே கை தானாக நீளும். அதன் பிறகு பாட்டில் பிடிக்க ஆள் வேண்டாம், கால்மாட்டுப் பாட்டிலே போதும். கூடவே, யார் மறந்தாலும் யாரும் "ஹேண்ட்ரப்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லலாம், பதிலுக்கு "தேங்க்யூ" மட்டும்தான் என்று மருத்துவமனைத் தலைவர் கையெழுத்துப் போட்டு அறிவிக்கட்டும்.

அந்த ஜூனியர் சிஸ்டரிடம், "நீ செய்தது சரிதான்" என்று யாராவது சொன்னார்களா? நீங்கள் சொல்லுங்கள், சூப்பரின்டெண்டையும் சொல்ல வையுங்கள். நல்ல வார்டுகள் அப்படிப்பட்ட பெண்களால்தான் நிற்கின்றன. ஒரு தடவை தனியாக விட்டால் அவர் இனி வாயே திறக்க மாட்டார்.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். போஸ்டர் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் கம்பியையும் பெட்பேனையும் அதிகம் தொடுகிற ஆயாவுக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் அது வெறும் படம். அவர்களைத் தனியாக உட்கார வைத்து, தமிழில், டீ கொடுத்துப் பேசுங்கள், ஆடிட்டிலும் சேருங்கள். வாசகத்தையும் மாற்றலாம். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் "கை சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும்" என்று சில இடங்களிலும், "கை சுத்தம் நோயாளிகளைக் காக்கும்" என்று சில இடங்களிலும் எழுதிவைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் நோயாளியைச் சொன்ன இடத்தில்தான் சோப்பும் ஜெல்லும் அதிகம் செலவாயின.

வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் முழங்கைக்குக் கீழே வேண்டாம், அவற்றின் அடியில் ஹேண்ட்ரப் போகாது. சாமிக் கயிறு, தர்காவில் கட்டிய கயிறு விஷயத்தில் மட்டும் கத்தரிக்கோலோடு போகாதீர்கள். மேல் கைக்கு ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். சோப்பு டிஸ்பென்சரில் பழையது மிச்சமிருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்பக் கூடாது, காலியாக்கிக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். பேசின் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துண்டு தொங்கினால் அதை எடுத்துவிட்டுப் பேப்பர் டவல் வையுங்கள்.

உங்கள் லேபில் ஒப்புக்கொண்டால் இன்னொன்றும் செய்யலாம். ஆடிட் எல்லாவற்றையும்விட மனதில் பதிவது இதுதான். கல்ச்சர் போடும் ப்ளட் அகார் தட்டின் நடுவில் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு பாதியில் சாதாரணமாக இருக்கும் கையின் விரல் நுனிகளை மெதுவாகப் பதிய வையுங்கள். ஹேண்ட்ரப் போட்டுக் காய்ந்த பிறகு அதே விரல்களை மறு பாதியில். மறுநாள் திறந்தால், ஒரு பக்கம் விரல் விரலாகச் சாம்பலும் வெள்ளையுமாகப் புள்ளிகள் முளைத்திருக்கும், கட்டைவிரல் இருந்த இடம் கூடத் தெரியும். மறுபக்கம் சிவப்பு அகார் பெரும்பாலும் அப்படியே பளபளவென்று இருக்கும். யாருடைய கை என்று பெயர் போட வேண்டாம். மூடியை டேப் ஒட்டி ஒரு மதியம் டியூட்டி அறை மேஜையில் வைத்துவிட்டு லேபுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சாதாரணத் தோல் கிருமிகளும் அதில் வளரும், எல்லாமே ஆபத்தானவை இல்லை என்றும் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக இதைச் செய்யவில்லை. சுத்தமாகத் தெரிந்த கை எப்படி இருந்தது என்பதை அவரவர் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஆடிட். அடுத்த மாதத்திலிருந்து ஐந்து தருணங்களையும் தனித்தனி வரிசையாகக் குறியுங்கள், "முன்" தனியாக, "பிறகு" தனியாக. நீங்கள் மட்டும் எடுக்காமல், வேறு வேலையாக ஐசியுவுக்கு வருகிற இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, வெவ்வேறு நேரத்தில், இரவு ஷிஃப்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். 90 இருந்த இடத்தில் 40 வந்தாலும் வரும். நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "எண் குறையப் போகிறது, இப்போதுதான் உண்மையான எண் வரப்போகிறது" என்று. இல்லாவிட்டால் உங்கள் மேல் பழி வரும். அந்த எண்ணை வைத்து யாரையும் தண்டிக்க விடாதீர்கள், தண்டனை என்று வந்தால் மறுபடி 90தான் கிடைக்கும். ஆடிட் எண்ணோடு மாதா மாதம் இரண்டு விஷயங்களையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டோர் ரிஜிஸ்டர்படி ஐசியு வாங்கிய பாட்டில் எத்தனை, லைன் தொற்று எத்தனை.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். நீளமாக வேண்டாம், பாட்டில் எத்தனை என்று மட்டும் எழுதினால் போதும். அந்த ஜூனியர் சிஸ்டர் எப்படி இருக்கிறார் என்றும் ஒரு வரி.